ஃப்ரான்ஸ் கிளாமர் உண்மையிலேயே அவ்வளவு பெரிய வீரரா?

நீங்கள் கேட்டிருப்பது இது. 1976 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் ஃப்ரான்ஸ் கிளாமர் டவுன்ஹில் பந்தயத்தில், அதாவது ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகைகளில் மலையிலிருந்து ஒரே பாய்ச்சலாக இறங்கும் பந்தயத்தில், தங்கம் வென்ற காணொளியைப் பார்த்தீர்கள். மஞ்சள் உடையில், கைகளைக் காற்றில் வீசியபடி, பலமுறை விழப்போய் விழாமல் வந்து சேர்கிறார். அது திறமை என்பதைவிட அதிர்ஷ்டம் என்றே உங்களுக்குத் தோன்றியது. தேடிப் பார்த்தால் அவருக்கு இருப்பது ஒரே ஒரு ஒலிம்பிக் பதக்கம். அப்படியிருக்க, டவுன்ஹில் வரலாற்றின் மிகச் சிறந்த வீரர் என்று அவரை ஏன் கொண்டாடுகிறார்கள்? உங்கள் உண்மையான சந்தேகம் அந்த ஒரு காணொளியைப் பற்றியதல்ல என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டால் அவருடைய வாழ்க்கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. நான் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் ஸ்கீகளைச் சீர்செய்து மெழுகிட்டுத் தரும் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன். இளையோர் பந்தயங்களில், தடத்தில் நட்ட கம்பங்களைச் சரியாகக் கடக்கிறார்களா என்று பார்க்கும் நடுவராகவும் நின்றிருக்கிறேன். ஸ்கீயையும் பனியையும் பற்றி உறுதியாகப் பேச என்னால் முடியும். ஒரு வீரரின் மனத்துக்குள் நடந்ததைப் பற்றிச் சொல்லும்போது அது என் ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மறுக்க முடியாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் முழுவதும் பல மலைகளில் நடக்கும் உலகக் கோப்பைத் தொடரில் கிளாமர் வென்ற டவுன்ஹில் பந்தயங்கள் 25. டவுன்ஹில்லுக்கான சீசன் கோப்பையை ஐந்து முறை வென்றார்: 1975, 1976, 1977, 1978, பிறகு 1983. இந்த இரண்டும் ஆண்கள் பிரிவில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனைகள். அவர் ஓய்வு பெற்றது 1985-இல். அவர் காலத்திலும் அதன் பிறகும் எத்தனையோ பெரிய வீரர்கள் வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பீட்டர் மியூலர், ஆஸ்திரியாவின் ஷ்டெஃபான் எபர்ஹார்ட்டர், சுவிட்சர்லாந்தின் டிடியே குயூஷ், பேயட் ஃபாய்ஸ் என்று பட்டியல் நீளும். ஒருவரும் 25-ஐ எட்டவில்லை. ஒரு சீசனில் நடக்கும் டவுன்ஹில் பந்தயங்கள் அன்றும் இன்றும் பொதுவாகப் பத்தை ஒட்டியே இருப்பதால், அந்தக் காலத்தில் பந்தயங்கள் அதிகம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒலிம்பிக் காணொளி முழுவதையும் அழித்துவிட்டாலும் இந்த எண்கள் அப்படியே நிற்கும்.

அவர் பிறந்தது 1953 டிசம்பரில், கரிந்தியா மாநிலத்தின் மோஸ்வால்ட் என்னும் மலைக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில். குளிர்காலத்தில் பள்ளிக்கு ஸ்கீயில் போய் வந்த பிள்ளை. சிறு வயதிலேயே பந்தயத்துக்கென்று வார்க்கப்பட்ட நகரத்துப் பையன்களோடு ஒப்பிட்டால் தாமதமாகத்தான் இந்த உலகத்துக்குள் வந்தார். ஆனால் வந்த பிறகு தாமதம் இல்லை. 1973 டிசம்பரில் ஷ்லாட்மிங்கில் முதல் உலகக் கோப்பை வெற்றி. அடுத்த சில வாரங்களில், 1974 பிப்ரவரியில், சான் மோரிட்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் டவுன்ஹில்லில் வெள்ளி, கூட்டுப் பிரிவில் தங்கம். கூட்டுப் பிரிவில் டவுன்ஹில்லோடு, நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலமும் உண்டு என்பதைக் கவனியுங்கள். நேராகக் கீழே பாய்வது தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று அவரைப் பற்றிச் சிலர் சொல்வதை அந்தப் பதக்கம் அப்போதே பொய்யாக்கிவிட்டது.

அந்தக் காலத்தில் டவுன்ஹில்லை ஆண்டுகொண்டிருந்தவர் சுவிட்சர்லாந்தின் ரோலாண்ட் கொலோம்பாங். 1973, 1974 சீசன் கோப்பைகள் இரண்டும் அவருடையவை. 1974 டிசம்பரில் பிரான்ஸின் வால் டிசேரில் ஒரு மேட்டில் காற்றில் தூக்கி எறியப்பட்டு முதுகில் பலத்த காயம் அடைந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடி விழுந்தார். அதோடு அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. அந்த மேட்டுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. கிளாமரின் ஆதிக்கம் தொடங்கியது கொலோம்பாங் விழுந்த அதே பந்தயத்தில்தான் என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கொலோம்பாங் முழு உடலோடு இருந்திருந்தால் 25 என்பது 25-ஆகவே இருந்திருக்குமா? இதற்கு யாரிடமும் விடை கிடையாது. இருந்தாலும் அடுத்து வந்த சீசனைப் பாருங்கள். 1974-75-இல் ஒன்பது டவுன்ஹில் பந்தயங்கள். எட்டில் கிளாமர் வென்றார். மிஞ்சிய ஒன்று மெகேவில் நடந்தது. அங்கே காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு கழன்றுகொண்டதால் அவரால் பந்தயத்தை முடிக்கவே இயலவில்லை. ஒரு போட்டியாளர் குறைந்ததால் மட்டும் ஒருவர் ஒன்பதில் எட்டை வெல்ல முடியாது.

அந்த எட்டு வெற்றிகளும் எட்டு வெவ்வேறு மலைகளில் கிடைத்தவை என்பதைத்தான் என் தொழிலில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். டவுன்ஹில் தடங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. வெங்கன் மிக நீளமானது. கால் தசைகள் கடைசி வளைவுகளில் எரியத் தொடங்கும். கிட்ஸ்புயெல் தொடக்கத்திலேயே செங்குத்தாக இறங்கி, உறைந்த பனிக்கட்டியில் திரும்பச் சொல்லும். வால் கார்டேனாவில் மேடுகளில் பறந்து, சரியான இடத்தில் தரையைத் தொட வேண்டும். சறுக்கும் வேகம் மட்டும் உள்ளவர் ஒரு தடத்தில் வெல்வார். துணிச்சல் மட்டும் உள்ளவர் இன்னொன்றில் வெல்வார். எல்லாத் தடத்திலும் ஒருவரே வெல்கிறார் என்றால் அவரிடம் எல்லாமே இருக்கிறது என்று பொருள். கிட்ஸ்புயெலில் மட்டும் 1975, 1976, 1977, பிறகு 1984 என நான்கு முறை வென்றார். பல ஆண்டுகள் கழித்து குயூஷ் ஐந்து முறை வென்று அதைத் தாண்டினார்.

அந்த 1975 சீசனின் முடிவில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த ஒட்டுமொத்தப் பட்டியலில் இத்தாலியின் குஸ்டாவ் தோனி, சுவீடனின் இங்கமார் ஸ்டென்மார்க், கிளாமர் ஆகிய மூவரும் 240 புள்ளிகளோடு சமநிலையில் நின்றார்கள். மிஞ்சியிருந்த ஒரே பந்தயம் வால் கார்டேனாவில் இணை ஸ்லாலம், அதாவது இருவர் பக்கத்துப் பக்கத்தில் இறங்கும் ஸ்லாலம். தோனியும் ஸ்டென்மார்க்கும் அந்தக் கலையின் மன்னர்கள். கிளாமர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். இறுதியில் ஸ்டென்மார்க்கைத் தோற்கடித்து தோனி கோப்பையை எடுத்துக்கொண்டார். கிளாமர் ஒட்டுமொத்தக் கோப்பையைக் கடைசிவரை வெல்லவில்லை. அவருடைய பட்டியலில் உள்ள உண்மையான இடைவெளி ஒலிம்பிக் பதக்கங்களின் எண்ணிக்கை அல்ல, இதுதான்.

இப்போது நீங்கள் பார்த்த அந்த ஓட்டத்துக்கு வருவோம். 1976 பிப்ரவரி 5, பாட்ஷர்கோஃபெல் மலை. தடத்தின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர், இறக்கம் 870 மீட்டர். இதே மலையில் 1964 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் ஓர் ஆஸ்திரியர், ஏகோன் ட்ஸிமர்மன். 1972-இல் சப்போரோ ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில், விளம்பரத்தில் இடம்பெற்று, விளையாட்டைப் பணத்துக்காகச் செய்யக் கூடாது என்ற அமெச்சூர் விதியை மீறினார் என்று ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷ்ரான்ஸைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வியன்னாவில் பெருங்கூட்டம் திரண்டு அவரை வரவேற்றது. அந்தக் காயம் ஆறாத நாட்டில், சொந்த மண்ணில், போட்டிகளின் முதல் நாளே டவுன்ஹில். சற்று முன்புதான் கிட்ஸ்புயெலில் வென்றிருந்த 22 வயது இளைஞர் மீது எல்லோருடைய கண்ணும் இருந்தது. வெள்ளி வாங்கினாலும் அது தோல்வியாகவே எழுதப்பட்டிருக்கும்.

சப்போரோவில் டவுன்ஹில் தங்கம் வென்றவரான சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ரூசி மூன்றாவதாக இறங்கி, குறை சொல்ல முடியாத ஓட்டம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். கிளாமரின் எண் 15, முதலில் இறங்கும் முன்னணி வீரர்களின் வரிசையில் கடைசி. முன்னே போனவர்களின் ஸ்கீகள் கிழித்துப்போட்ட தடத்தில் அவர் இறங்க வேண்டும். பாதி வழியில் ரூசியைவிட ஏறக்குறைய 0.2 நொடி பின்தங்கியிருந்தார். முடிவில் 1 நிமிடம் 45.73 நொடி, ரூசியை வென்றது 0.33 நொடியில். அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 102 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் 0.33 நொடி என்பது ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். பின்தங்கியிருந்த 0.2-ஐயும் சேர்த்துக்கொண்டால், கீழ்ப்பாதியில் மட்டும் ரூசியிடமிருந்து அரை நொடிக்கு மேல் எடுத்திருக்கிறார்.

இது அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் ஒருவரை விழாமல் காப்பாற்றலாம். அரை நொடியைக் கையில் கொடுக்காது. ஏனென்றால் இந்த விளையாட்டில் தடுமாற்றம் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. கை விரிந்தால் காற்று தடுக்கும். ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கினால் எஃகு விளிம்பு பனியைச் சுரண்டி வேகத்தைத் தின்னும். மேட்டில் தேவைக்கு மேல் பறந்தால் தரையில் சறுக்கிச் சேர்த்திருக்க வேண்டிய வேகம் காற்றில் போகும். கிளாமர் இந்த விலைகள் எல்லாவற்றையும் கொடுத்தார்; கொடுத்த பிறகும் வேகமாக இருந்தார். அப்படியென்றால் வேறெங்கோ அதிகமாகச் சம்பாதித்திருக்க வேண்டும். காணொளியை மறுபடி பார்க்கும்போது அவருடைய கைகளைப் பார்க்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே பாருங்கள். மேலுடல் எங்கே போனாலும் ஸ்கீகள் பெரும்பாலும் சரிவை நோக்கியே இருக்கின்றன. மலைச்சாலையில் பழகிய பஸ் ஓட்டுநர் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே விலகி, வளைவு முடியும்போது வண்டியை நேராக்கி வைத்திருப்பார் அல்லவா? அதுபோல வளைவின் முடிவில் ஸ்கீ அடுத்த நேர்ப்பகுதியை நோக்கி நிற்பவருக்குத்தான் டவுன்ஹில்லில் வேகம் கிடைக்கும். கீழ்ப்பாதியில் கிளாமர் மற்றவர்கள் எடுக்காத பாதையை எடுத்தார். அதற்கு உடல் கொடுத்த விலைதான் நீங்கள் பார்த்த கைவீச்சு. அது தொழில்நுட்ப ரீதியாக அழகான ஓட்டம் என்று நான் வாதிட மாட்டேன். ரூசியின் ஓட்டம்தான் பாடப்புத்தகம். ஆனால் பின்தங்கியிருக்கிறோம் என்று உடலால் உணர்ந்த ஒருவர், எஞ்சிய பாதியில் தன்னிடம் இருந்த அத்தனையையும் பந்தயம் வைத்தார். அவர் வைத்தது கண்மூடித்தனமான பந்தயம் அல்ல. அந்தத் தடுமாற்றங்களிலிருந்து மீளும் கால்கள் தனக்கு உண்டு என்று எட்டு மலைகளில் சோதித்துப் பார்த்தவரின் பந்தயம் அது.

என் தொழிலோடு தொட்ட ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஸ்கீ கொடுத்த ஃபிஷர் நிறுவனம், நுனியில் துளை வைத்த புதிய மாதிரி ஒன்றை அந்த ஒலிம்பிக்குக்காகக் கொண்டுவந்திருந்தது. பயிற்சியில் அதைப் போட்டுப் பார்த்தார். பந்தய நாளன்று மறுத்துவிட்டுத் தன் பழைய ஸ்கீகளையே மாட்டினார். இதைப் பிடிவாதம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பட்டறையில் நின்றவன் என்ற முறையில் எனக்கு அது மிகத் தெளிவான முடிவாகவே தெரிகிறது. கடிகாரம் காட்டும் வேகம் ஒன்று. அந்த ஸ்கீ எல்லை மீறும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கால் அறிந்திருப்பது வேறொன்று. புது ஸ்கீ தடுமாறினால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாமல் அப்படி ஓர் ஓட்டத்தை யாரும் ஓடியிருக்க முடியாது. புதியதைப் போட்டிருந்தால் இன்னும் வேகமாக வந்திருப்பாரா, வலைக்குள் போயிருப்பாரா என்பது தீர்க்க முடியாத வாதம். அதற்குள் நான் போகவில்லை.

இனி பலரும் தாண்டிப் போகும் பகுதி. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்தது இதுதான். 1977-இல் அவருடைய தம்பி கிளவுஸ் ஒரு டவுன்ஹில் பந்தயத்தில் விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலிக்குப் போனார். 1978-இல் கிளாமர் நான்காவது முறையாகச் சீசன் கோப்பையை வென்றார். அதன் பிறகு வெற்றிகள் நின்றுபோயின. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒரு வெற்றிகூட இல்லை. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்குக்கு, நடப்புச் சாம்பியனான அவரை ஆஸ்திரிய அணியில் சேர்க்கவே இல்லை. ஒரு நாட்டுக்கு நான்கு இடங்கள்தான். ஆஸ்திரியாவில் அதற்கு மேல் வேகமானவர்கள் இருந்தார்கள். மாற்று வீரராகப் போன லியோன்ஹார்ட் ஷ்டொக் பயிற்சி ஓட்டங்களில் முந்தி, அணிக்குள் வந்து தங்கமே வென்றுவிட்டார். ஆகவே தேர்வாளர்கள் அநியாயம் செய்தார்கள் என்று சொல்ல இடமில்லை.

அந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? தம்பியின் விபத்து என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த ஆண்டுகளில் ஸ்கீ நிறுவனத்தை மாற்றியதால் வந்த கோளாறு என்று இன்னொரு தரப்பு. காலவரிசை இரண்டுக்குமே இடம் கொடுக்கிறது. ஆனால் விபத்துக்குப் பிறகும் அவர் ஒரு சீசன் கோப்பையை வென்றிருக்கிறார் என்பதால், துக்கம் ஒன்றையே காரணமாக்கி எழுதப்படும் உருக்கமான கதைகளை நான் முழுமையாக நம்புவதில்லை. ஸ்கீ மாற்றம் என்பது வெளியே இருப்பவர்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். ஸ்கீயின் வளையும் தன்மை, அடித்தளம், அதற்கேற்ற மெழுகு, அதைத் தயாரித்துத் தரும் ஆள் என எல்லாமே மாறும். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் வெற்றி முடிவாகும் விளையாட்டில் முதலிடத்திலிருந்து பத்தாமிடத்துக்கு இறங்க அதுவே போதும். உள்ளத்தின் பங்கு எவ்வளவு, ஸ்கீயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி எதுவும் கிடையாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது அவர் திரும்பி வந்தார் என்பதே. 1981 டிசம்பரில் வால் டிசேரில் வென்றார். 1983-இல் ஐந்தாவது சீசன் கோப்பை, நான்காவதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் கழித்து. 1984 ஜனவரியில், 30 வயதில், கிட்ஸ்புயெலில் நான்காவது வெற்றி. இடையில் ஒரு புதுத் தலைமுறையே வந்து, உடையும் ஸ்கீயும் பயிற்சி முறையும் மாறியிருந்தன. மூன்று சீசன்களுக்கு மேல் தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் அதே ஆபத்தான மலையில், தம்பிக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டே, மறுபடி முதலாவதாக வருவதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இன்ஸ்ப்ரூக் தங்கத்தைவிட இந்த மூன்று ஆண்டுகளுக்காகவே நான் அவரை அதிகம் மதிக்கிறேன். சில வாரங்கள் கழித்து சரயேவோ ஒலிம்பிக்கில் பத்தாவது இடம்தான் கிடைத்தது. அமெரிக்காவின் பில் ஜான்சன் வென்றார். மறு ஆண்டு ஓய்வு. பின்னாளில் கார் பந்தயங்களில் ஓட்டினார். விளையாட்டில் கடுமையாகக் காயமடைந்தவர்களுக்கு உதவ அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. கரிந்தியாவின் பாட் கிளைன்கிர்ஹ்ஹைமில் உள்ள உலகக் கோப்பைத் தடமும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஆக, ஒரே ஒலிம்பிக் பதக்கம் என்ற உங்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வருகிறது: 1972-இல் அவருக்கு 18 வயது, அணியில் இல்லை, 1976-இல் தங்கம், 1980-இல் சேர்க்கப்படவில்லை, 1984-இல் பத்தாவது. டவுன்ஹில் ஒலிம்பிக்கில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதை வைத்து டவுன்ஹில் வீரர் ஒருவரை அளப்பது சரியான அளவுகோல் அல்ல. குளிர்காலம் முழுவதும் நடக்கும் உலகக் கோப்பைதான் அளவுகோல்.

பின்னூட்டத்தில் இன்னொரு ஆஸ்திரியரான ஹெர்மன் மையரோடு ஒப்பிட்டும் கேட்டிருக்கிறீர்கள். மையர் மொத்தம் 54 உலகக் கோப்பைப் பந்தயங்கள், நான்கு ஒட்டுமொத்தக் கோப்பைகள் வென்றவர்; 1998 நகானோ ஒலிம்பிக் டவுன்ஹில்லில் அந்தரத்தில் பறந்து விழுந்து, சில நாட்களில் எழுந்து இரண்டு தங்கம் வாங்கியவர். முழுமையான ஸ்கீ வீரர் யார் என்றால் தயங்காமல் மையர் என்பேன். ஆனால் அவருடைய 54-இல் டவுன்ஹில் வெற்றிகள் 15 மட்டுமே. டவுன்ஹில்லுக்கு அடுத்த வேகமான, வளைவுகள் கூடுதலான பிரிவான சூப்பர்-ஜி கிளாமரின் காலத்தில் பெரும்பாலும் இல்லை; அது வந்தது அவருடைய கடைசி சீசன்களில்தான். இருந்திருந்தால் அவர் எண்ணிக்கை எவ்வளவு ஆகியிருக்கும் என்பதும், அன்றைய தடங்களில் மையர் எப்படி ஓடியிருப்பார் என்பதும் கணக்கிட முடியாதவை. அன்று தடத்தின் ஓரத்தில் இன்றைய அடுக்கு வலைகள் கிடையாது. இன்றோ தடத்துக்குள் தண்ணீர் பாய்ச்சி இரும்பாக்குகிறார்கள். இரண்டும் வெவ்வேறு வகை ஆபத்துகள்.

இன்னொரு திருத்தமும் தேவை. "டவுன்ஹில்லின் மிகச் சிறந்தவர்" என்று கிளாமரைச் சொல்பவர்கள் "ஆண்களில்" என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். அதே ஆஸ்திரியாவின் ஆன்னமரி மோசர்-ப்ரோல், அதே பத்தாண்டுகளில், 36 டவுன்ஹில் உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்றார். ஆறு ஒட்டுமொத்தக் கோப்பைகள், ஏழு டவுன்ஹில் கோப்பைகள், 1980-இல் ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கம். 1976 சீசனில் அவர் போட்டிகளிலிருந்து விலகியிருந்ததால் இன்ஸ்ப்ரூக்கில் அவர் இறங்கவில்லை. உலகமே பார்த்த ஒரு காணொளி அவருக்கு அமையவில்லை. ஆஸ்திரியாவின் மிகச் சிறந்த டவுன்ஹில் வீரர் யார் என்று என்னிடம் நேராகக் கேட்டால் நான் சொல்லும் பெயர் கிளாமர் அல்ல, மோசர்-ப்ரோல்.